கையை விடக் கற்பது: பாம்பன் கரையில் பட்டச் சறுக்கு

கைட் சர்ஃபிங் என்று உலகெங்கும் அழைக்கப்படும் பட்டச் சறுக்கு, வானில் பறக்கும் பெரிய பட்டம் ஒன்றின் இழுவிசையைக் கொண்டு, காலில் மாட்டிய பலகையின்மேல் நின்றபடியே நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்லும் விளையாட்டாகும். சர்ஃபிங் என்ற சொல் அலையை நினைவூட்டினாலும், புதிதாகக் கற்க வருபவருக்கு அலை இடையூறே தவிர உதவியன்று. இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீரும், விட்டுவிட்டு வீசாமல் ஒரே சீராக வீசும் காற்றும் அவருக்குப் போதும். இவ்விரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைப்பதுதான் அரிது. ஏனெனில் கடற்காற்று வலுத்த இடத்தில் அலையும் வலுக்கும், அலை அடங்கிய குடாவிலோ சுற்றியுள்ள மரங்களும் மேடுகளும் காற்றையும் சேர்த்து மறித்துவிடும். இந்தியக் கரையில் இந்த முரண் பெருமளவு தீர்ந்துபோகும் இடங்களில் ஒன்று, இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் மண்டபம் தொடங்கிப் பாம்பன் தீவின் முனைவரை நீளும் ஒடுங்கிய நிலத்துண்டு. சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறினால் சனிக்கிழமை காலையில் கரையில் நிற்கலாம் என்பதால், வார இறுதியின் இரண்டு நாளுக்குள் இவ்விளையாட்டின் முதற்பாடங்களைப் படித்துத் திரும்புவது நகரத்து வேலைக்காரர்களுக்கும் இயலக்கூடியதாகியிருக்கிறது.

இந்நிலத்துண்டுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணைக் கடல், தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும், சீறி எழும் தென்கடலை ஆண் கடல் என்றும் இராமேசுவரம் பகுதியில் வழங்குவதுண்டு. ஆயினும் இப்பெயர்கள் ஆண்டில் ஒரு பாதிக்கே முழுமையாகப் பொருந்தும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று, மீனவர் கச்சான் என்றழைக்கும் காற்று, தென்கடலைக் கொந்தளிக்கச் செய்து வடகடலைத் தணித்து வைக்கிறது. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வாடை இறங்கும்போது நிலைமை தலைகீழாகி, பெண் கடல் அலையெடுக்கத் தென்கடலின் கரையோரம் குளம்போல் கிடக்கிறது. காற்று எப்பக்கமிருந்து வந்தாலும் நிலத்தின் மறுபக்கத்தில் தட்டையான நீர் இருக்கும் என்பதும், அந்த நிலம் பல இடங்களில் மரமோ மேடோ இல்லாத தாழ்ந்த மணல்திட்டாக இருப்பதால் அதைக் கடந்து வரும் காற்று கலங்காமல் வந்து சேரும் என்பதும் இவ்விடத்தின் தனிச்சிறப்பு. கச்சான் இங்கே இவ்வளவு வலுவாக வீசுவதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையும் இலங்கையின் நடுமலைநாடும் காரணமாகின்றன. இரு மலைத்திரள்களுக்கும் இடைப்பட்ட கடல்வழியில் பருவக்காற்று நெருக்குண்டு விரைவு பெறுகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே பருவத்துக் காற்றுதான். அக்டோபரும் நவம்பரும் மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள் ஆகையால் அப்போது பயிற்சிக்கு வருவதில் பயனில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து அழித்த புயலை நினைத்தால், டிசம்பரையும் முழுதாக நம்பாமல் இருப்பதே நல்லது.

தட்டையான நீர் நிலத்தில் காற்று வரும் திசைக்கு மறுபக்கத்தில் கிடைக்கிறது என்பதிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பட்டம் கைமீறினாலோ பலகை தவறினாலோ கற்பவர் கரையைவிட்டு விலகிக்கொண்டே போவார். காற்று நேராகக் கரையை நோக்கி வீசும் இடமும் பாதுகாப்பானதன்று, அங்கே பட்டம் ஆளை மணலிலும் மரத்திலும் மின்கம்பத்திலும் கொண்டுபோய் மோதும். கரைக்குப் பக்கவாட்டில் வீசிச் சற்றே கரைப்பக்கம் சாயும் காற்றுதான் கற்பதற்கு ஏற்றது. மணல்திட்டுகள் வளைந்தும் நீண்டும் கிடக்கும் இப்பகுதியில் அத்தகைய கோணம் அமையும் இடத்தை அந்தந்த நாளின் காற்றுக்கேற்பத் தேர்ந்தெடுப்பது பயிற்சியாளரின் முதல் வேலை. கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் இடத்தைத் தவிர்க்க இயலாதபோது மீட்புப் படகு ஒன்று நீரில் தயாராக நிற்கவேண்டும். படகு எங்கே என்று கேட்டால் விடை சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

பட்டத்தைக் கொண்டு வண்டியையும் படகையும் இழுக்கும் எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக், பட்டங்கள் இழுத்துச் செல்லும் சாரட்டு ஒன்றுக்கு 1826இல் காப்புரிமை பெற்றார். சாமுவேல் கோடி என்பவர் 1903இல் பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இம்முயற்சிகள் விளையாட்டாக வளராமல் நின்றதற்குக் காரணம் எளியது: நீரில் விழுந்த பட்டத்தை மறுபடி எழுப்ப வழியில்லை. நனைந்த துணி நீரில் படிந்துவிட்டால் நடுக்கடலில் இருப்பவரின் கதி என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பிரான்ஸின் பிரித்தானி கடற்கரையைச் சேர்ந்த புருனோ, தொமினிக் லெகெனு என்னும் சகோதரர்கள், பட்டத்தின் முன்விளிம்பையே காற்றடைத்த குழாயாக அமைத்து, நீரில் விழுந்தாலும் மிதந்து, கயிற்றை இழுத்தால் மீண்டும் எழும் பட்டத்தை உருவாக்கி 1984 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அது விப்பிக்கா என்ற பெயரில் கடைக்கு வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த பெரிய திருத்தமும் அவர்களிடமிருந்தே வந்தது. முன்விளிம்பில் கயிற்றுப் பின்னலைச் சேர்த்து, வேண்டும்போது பட்டத்தின் இழுவையை ஏறக்குறைய முற்றிலும் கொன்றுவிடத்தக்க வில்வடிவப் பட்டம் 2005 வாக்கில் பரவியது. சிறுவர்கள் பட்டத்துக்குச் சூத்திரம் போடுவது என்பார்களே, யாழ்ப்பாணத்தில் முச்சை கட்டுவது என்பார்களே, அந்தக் கயிற்றுப் பின்னல்தான் இங்கே உயிர்காக்கும் கருவியாகியிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் துறைமுக நகரில் நடந்த படகோட்டப் போட்டிகளில் பட்டச் சறுக்கும் முதன்முறையாக இடம்பெற்றது. ஆனால் அங்கே பயன்படும் பலகை நீருக்குமேல் எழுந்து செல்லும் வேறு வகை, கற்பவரின் கவலைக்கு உட்பட்டதன்று.

கருவியின் அமைப்பு புரிந்தால்தான் பயிற்சியின் போக்கும் புரியும். கற்பவரின் எடைக்கும் காற்றின் வேகத்துக்கும் ஏற்ப ஏழு முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள பட்டத்திலிருந்து, இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள நான்கு கயிறுகள் கீழிறங்குகின்றன. நடுக்கயிறுகள் இரண்டும் ஒரு வளையத்தின் வழியாக, இடுப்பில் இறுகக் கட்டிய ஹார்னஸ் எனும் வார்க்கச்சையின் கொக்கியில் மாட்டப்படுவதால், பட்டத்தின் இழுவையைத் தாங்குவது கையன்று, உடலின் எடையே. மற்ற இரு கயிறுகளும் பார் என்றழைக்கப்படும் கைப்பிடிக் கோலின் இரு நுனிகளிலும் கட்டப்பட்டிருக்கும். கோலின் இடப்பக்கத்தை இழுத்தால் பட்டம் இடப்பக்கம் திரும்பும். முழுக்கோலையும் தன்பக்கம் இழுத்தால் பட்டத்தின் பின்விளிம்பு இறங்கி, காற்றை அதிகக் கோணத்தில் எதிர்கொண்டு இழுவை கூடும். கோலை முன்னே தள்ளினால் இழுவை குறையும். கோலை அறவே விட்டுவிட்டால் பட்டம் வலுவிழந்து சரியும். நாட்டுப்படகில் பாயின் நுனியைப் பிடித்திருக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடத்துப் படகு ஓய்வதைக் கண்டவர்களுக்கு இது விளங்காத செய்தியன்று.

இந்த ஒன்றில்தான் பயிற்சியின் கடினம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். அச்சம் வந்ததும் கையில் இருப்பதை இன்னும் இறுகப் பற்றுவது மனித இயல்பு. பேருந்தில் கம்பியையும் மரத்தில் கிளையையும் அப்படிப் பற்றித்தான் மனிதன் தப்பித்து வந்திருக்கிறான். பட்டச் சறுக்கிலோ அந்த இயல்பே எதிரியாகிறது. பட்டம் திடீரென இழுத்ததும் கற்பவர் கோலை மார்போடு அணைக்கிறார், அணைத்ததனால் பட்டம் முன்னிலும் வலுவாக இழுக்கிறது, அதனால் இன்னும் இறுக அணைக்கிறார். இச்சுழலை உடைக்க ஒரே வழி கையை விடுவது. சொல்லக் கேட்டால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும் இச்செய்தியைக் கை ஏற்றுக்கொள்வதற்குத்தான் மணிக்கணக்கில் பழக்கம் வேண்டியிருக்கிறது. கோலை விட்டும் போதவில்லையென்றால், கொக்கி வளையத்தின்மேல் உள்ள விடுவிப்பானைத் தள்ளவேண்டும், அப்போது பட்டம் ஒற்றைக் கயிற்றில் கொடிபோல் தொங்கி அடங்கும். அதுவும் பயன்படாதபோது அந்த ஒற்றைக் கயிற்றின் இணைப்பையும் அறுத்துக்கொண்டு பட்டத்தையே கைகழுவலாம். இம்மூன்று படிகளையும் கண்ணை மூடிக்கொண்டு கை தானே செய்யும்வரை கரையிலேயே பழக்குவது நல்ல பயிற்சியாளரின் அடையாளம்.

காற்றின் வேகத்தைக் கடலோடிகள் நாட் என்னும் அலகால் அளக்கின்றனர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. கற்பவருக்கு உகந்தது 12 முதல் 18 நாட் வரையிலான காற்று, அதாவது மணிக்குச் சுமார் 22 முதல் 33 கி.மீ. இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதெனத் தோன்றினாலும், காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 12 நாட்டில் இழுக்கும் அதே பட்டம் 18 நாட்டில் இரண்டேகால் மடங்கு வலுவோடு இழுக்கும். காலையில் அடக்கமாக இருந்த பட்டம் பிற்பகலில் ஆளைத் தூக்குவதற்கும், ஒரே நாளில் இருமுறை பட்டத்தை மாற்றிக் கட்டுவதற்கும் இதுவே காரணம். கருவியில்லாமலும் காற்றை ஓரளவு அளக்கலாம். 1805இல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கப்பற்பாய்களின்மேல் காற்றின் விளைவைக் கொண்டு வகுத்த முறை, பின்னர் கடலின் தோற்றத்தைக் கொண்டு விளக்கப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளது. அலைமுகடுகளில் அடிக்கடி வெண்ணுரை தெறிக்கத் தொடங்கினால் அது நான்காம் படி, 11 முதல் 16 நாட். பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்குச் சுமார் 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. அது ஏறக்குறைய 31 நாட். ரயிலே நிற்கும் அந்த எல்லைக்கு வெகு முன்னதாகவே கற்பவர் பட்டத்தைச் சுருட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் நீரில் இறங்கலாம் என்று வருபவர்களுக்கு முதல் ஏமாற்றம் அங்கேயே காத்திருக்கிறது. முதல் அரைநாளில் பெரும்பகுதி மணலிலேயே கழிகிறது. இரண்டு, மூன்று சதுர மீட்டர் அளவுள்ள பயிற்சிப் பட்டத்தைக் கையில் கொடுத்துக் காற்றுச் சாளரம் என்ற கருத்தை முதலில் விளக்குவார்கள். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முன்னே கவிழ்த்து வைத்த கோளத்தின் காற்பகுதிபோல் விரிந்திருக்கும் வெளியே அச்சாளரம். பட்டம் பறக்கக்கூடிய இடமெல்லாம் அதற்குள்தான். அதைக் கடிகார முகமாகக் கொண்டால் தலைக்கு நேர்மேல் பன்னிரண்டு, இடக்கைப் பக்கம் ஒன்பது, வலக்கைப் பக்கம் மூன்று. இவ்விளிம்புகளில் பட்டம் ஏறக்குறைய இழுவையின்றி மிதக்கும். நேர் முன்னே, கீழ்ப்பகுதியில்தான் முழுவலுவும் இருக்கிறது. நின்ற பட்டத்தைவிட விரையும் பட்டம் பன்மடங்கு இழுக்கும் என்பதையும் இங்கேயே உணரலாம். பட்டம் தன் ஓட்டத்தினாலேயே தனக்கென்று கூடுதல் காற்றை உண்டாக்கிக்கொள்வதால், நடுவெளியில் அதை எட்டு வடிவில் ஓட்டினால் சிறு பட்டமும் வளர்ந்த ஆளை மணலில் இழுத்துச் செல்லும். மாடியில் நின்று காற்றாடி விட்டுப் பழகியவர்கள் இக்கட்டத்தை விரைவில் கடந்துவிடுகிறார்கள். மிதிவண்டியின் கைப்பிடியைத் திருப்புவதுபோல் கோலைத் திருப்ப முயல்பவர்களுக்குத்தான் நேரம் பிடிக்கிறது. பிற்பகலில் பெரிய பட்டத்துக்குக் காற்றடித்து, கயிறுகளைச் சிக்கின்றிப் பிரித்து மாட்டி, ஒருவர் பிடிக்க மற்றொருவர் எழுப்பும் முறையைப் படிப்பதோடு நாள் முடியும். நான்கு கயிறுகளில் ஒன்று இடம் மாறி மாட்டப்பட்டாலும் பட்டம் எழுந்த நொடியிலேயே அடங்காமல் சுழலும் என்பதால், கயிற்றைச் சரிபார்ப்பதில் பயிற்சியாளர்கள் காட்டும் கண்டிப்பு சிலருக்கு எரிச்சலூட்டினாலும் மிகையன்று.

ஞாயிற்றுக்கிழமை நீருக்கு உரியது, எனினும் பலகைக்கு உரியதன்று. பாடி டிராகிங் எனப்படும் உடல் இழுவைப் பயிற்சியில், கற்பவர் பலகையில்லாமல் வயிற்றின்மேல் படுத்தவாறு பட்டத்தால் நீரினூடே இழுக்கப்படுகிறார். முதலில் காற்றடிக்கும் திசையிலேயே போவதும், பிறகு ஒரு கையைக் கத்திபோல் நீருக்குள் நீட்டிப் பட்டத்தைப் பக்கவாட்டில் நிறுத்திக் காற்றுக்குக் குறுக்காகவும் சற்று எதிராகவும் ஏறுவதும் இதன் இரு நிலைகள். இரண்டாம் நிலை வீண்வேலை போலத் தோன்றினாலும் அதில்லாமல் பலகையைத் தொடக்கூடாது. விழுந்தவரைப் பட்டம் காற்றோட்டத்தில் இழுத்துச் செல்ல, பலகை பின்னே தங்கிவிடுமாதலால், அதை எட்டிப் பிடிக்க இதைத் தவிர வேறு வழியில்லை. பலகையைக் காலோடு கயிற்றால் பிணைத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அப்படிப் பிணைத்த பலகை, கயிறு இழுபட்டுத் தெறிக்கும்போது நேராகத் தலைக்கே வந்துசேரும் என்பதால் அது விலக்கப்பட்டுள்ளது. விழுந்த பட்டத்தை நீரிலிருந்து எழுப்புவதும், காற்று அற்றுப்போனால் கயிறுகளைக் கோலில் சுற்றிக்கொண்டு பட்டத்தை அடைந்து அதன் ஒரு நுனியைத் தூக்கிப் பாய்போல் பிடித்து மிதந்தே கரைசேருவதும் அன்றைய பாடங்கள்.

இவற்றுக்குப் பிறகு மாலையில் பலகை வருகிறது. நீரில் உட்கார்ந்த நிலையில் இரு கால்களையும் பலகையின் வார்களில் நுழைத்து, பட்டத்தைப் பன்னிரண்டிலிருந்து இரண்டை நோக்கி ஒரு வீச்சில் இறக்கினால், அந்த இழுவையில் உடல் தானாக எழும்பி நிற்கவேண்டும் என்பது ஏட்டுக்கணக்கு. நடைமுறையில் வீச்சு குறைந்தால் பாதி எழுந்து மறுபடி உட்கார்வதும், மிகுந்தால் பலகையைத் தாண்டி முகங்குப்புற விழுவதும்தான் நடக்கும். முழுப்பயிற்சிக்குப் பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். காற்று ஒத்துழைத்தால் இரண்டு நாளில் ஆறேழு மணி நேரம் கிடைக்கும். ஆகையால் வார இறுதியில் வந்தவர் பத்து, இருபது மீட்டர் தூரம் நின்று சென்றுவிட்டால் அதுவே நல்ல விளைச்சல். இரண்டே நாளில் தேர்ந்துவிடலாம் என்று விளம்பரம் செய்வோரை நம்பவேண்டியதில்லை. 2001இல் தோன்றிய சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழும் கற்பவர்களுக்குப் படிநிலைகளும் வகுத்திருக்கிறது. பயிற்சியாளரிடம் அச்சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, எந்தப் படிவரை முடித்தோம் என்று எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்தமுறை வேறு கடலிலும் அங்கிருந்தே தொடரலாம்.

இக்கடல் விளையாடுவோருக்கென ஒதுக்கி வைத்த கடலன்று. கரையில் வலை உலரும், ஆழமில்லாத நீரில் வலைக்கம்புகளும் நங்கூரக் கயிறுகளும் மறைந்திருக்கும், வத்தைகளும் வள்ளங்களுமாகிய நாட்டுப்படகுகள் தம் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருப்பதால் அந்த இரண்டு மாதங்களில் கடல் சற்றுக் காலியாகத் தெரியலாம், ஆனால் நாட்டுப்படகுகளுக்கு அத்தடையில்லை. பட்டத்தின் மெல்லிய கயிறு இழுவையில் இருக்கும்போது கத்திபோல் அறுக்கும் என்பதால், வேலை செய்யும் படகைக் காற்று வரும் பக்கமாக நெருங்காமல் விலகிப்போவது பண்பு மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். நீருக்கடியில் பவளத்திட்டும் கூரிய சிப்பியும் உண்டு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதிக்காமலிருக்கக் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கவேண்டும், சில பருவங்களில் சொறியும் மிதந்து வரும். கால்மூடிய இரப்பர்ச் செருப்பும் முழுக்கைச் சட்டையும் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இல்லாமல் இறங்குவது வீரமாகாது. தென்பக்கத்தில் இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடிவரை சிதறிக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் மன்னார் வளைகுடா தேசியக் கடல்சார் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசு மேயும் கடற்புல் படுகைகளும் இப்பகுதியில் உள்ளன. அத்தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது, காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது அங்கே செல்லுபடியாகும் சமாதானமன்று.

பலகையில் நிற்கக் கற்றவருக்கும் ஒரு குறை எஞ்சியிருக்கும். பலகையின் விளிம்பை நீரில் அழுத்திக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஏறுவதற்குக் குதிகாலிலும் இடுப்பிலும் ஒரு பக்குவம் வேண்டும், அது இரண்டு நாளில் வருவதில்லை. அதுவரை ஒவ்வோர் ஓட்டமும் கற்பவரைப் புறப்பட்ட இடத்திலிருந்து காற்றோட்டத்தின் வழியே கீழே கொண்டுபோய்த்தான் விடும். பட்டத்தைத் தலைக்குமேல் நிறுத்தி, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முழங்காலளவு நீரில் எதிர்க்காற்றில் மெல்ல நடந்து மேலே வந்து மறுபடி தொடங்கவேண்டும். ஆங்கிலம் பேசும் சறுக்காளர்கள் இதை வெட்க நடை என்று கேலியாகச் சொல்வர். ஞாயிறு மாலையில் இக்கரையோரம் அப்படி நடந்து வருபவர்களின் எண்ணிக்கை நீரில் சறுக்குபவர்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் சற்று மிகுந்தே இருக்கும். அவர்களுக்கு அப்பால், பாய் விரித்த வத்தை ஒன்று அதே காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாக ஏறிக் கரைக்கு வந்துகொண்டிருக்கும்.